பதினாறாம் பின்

திங்கட்கிழமை காரணம்பேட்டை தாண்டும்போது எரிய ஆரம்பித்தது.
மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை,
சாயப்பட்டறையில் பதம் தவறிய ஒரு நிறத்தில்
எஞ்சின் படம்.
வண்டி எப்போதும்போல இழுத்தது.
புகை இல்லை, முக்கல் இல்லை.
பின்னால் அறுபது டஜன் கட்டிங் பீஸ்,
கேத்தனூரில் ஓவர்லாக் மிஷின்கள் காத்திருந்தன.
ஒரு விளக்குக்காக யார் நிறுத்துவது.

புதன் மதியம், பல்லடம்.
இரண்டு தறிக்குடோன்களுக்கு இடையில்
ஈசுவரமூர்த்தி பட்டறை.
ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து
ஸ்கேனரைச் சொருகினார்.
இணைக்க முடியவில்லை என்றது போன்.
சாவியை ஒரு படி திருப்பச் சொன்னார். திருப்பினேன்.
இணைக்க முடியவில்லை.
புளூடூத்தை அணைத்து, மறக்கச் சொல்லி, மறுபடி தேடி,
ஒடிசாவிலிருந்து வந்த திபாகரின் போனையும் வாங்கிப் பார்த்து,
முடியவில்லை.

"போனு மேல தப்பில்லீங்" என்றான் திபாகர்,
எங்கள் ஊர் இழுவையை
எங்களைவிட ஒரு மாத்திரை கூட்டி.
ஸ்கேனரைப் பிடுங்கிப்போய்
வாசலில் நின்ற வேறொரு காரில் மாட்டினான்.
உடனே கண் திறந்து பேசியது.
எல்லோரும் என் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்,
மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல.

மீட்டரின் இரண்டு ஊசிகள் உள்ளே போயின.
"பதினாறாம் பின்னுல கரண்டே வல்லீங்க."
பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம்.
"லைட்டர் சாக்கெட்டுக்கும் இதுக்கும் ஒரே பியூசு.
சார்ஜர் ஏதாச்சும் சொருகுனீங்களா?"
அந்த ஓட்டையைத் தொட்டே வருசமாகிறது என்றேன்.
நீலப் பியூசைப் பிடுங்கி வெயிலில் பிடித்தார்.
உள்ளே மயிரளவுக் கம்பி அறுந்து
ஓரத்தில் கரி.

திபாகர் ஐஸ்குச்சியால் சாக்கெட்டைக் கிளறினான்.
விழுந்தது
ஒரு ரெண்டு ரூபாய்.
விளிம்பில் நெருப்பு கடித்த தடம்.

செவ்வாய்க்கிழமை.
பள்ளிக்கூடம் விட்டு முன்சீட்டில் வர்ணிகா.
"அம்மா, இந்த வெளக்க யாரு பத்தவெச்சா?"
"அது தானா எரியுது. அணைஞ்சாத் தேவலை"
என்றேன், வேறு யார் மேலோ இருந்த எரிச்சலில்.
எஞ்சினை நிறுத்தாமல் பில் வாங்க இறங்கிய
ரெண்டே நிமிசத்தில்
உண்டியலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

விளக்கு அணையட்டும் என்று போட்ட காசு
விளக்கு என்ன சொல்கிறது என்று கேட்க இருந்த
ஒரே கம்பியை எரித்திருந்தது.

புதுப் பியூசு பத்து ரூபாய்.
ஸ்கேனர் விழித்தது.
பி பூஜ்ஜியம் நாலு அஞ்சு அஞ்சு:
டேங்கிலிருந்து ஆவி எங்கோ கசிகிறது.
ஈசுவரமூர்த்தி எஞ்சினைத் திறக்கவே இல்லை.
வண்டியைச் சுற்றிப் போய்
பெட்ரோல் மூடியைத் திருகினார்.
டிக். டிக். டிக்.
"பங்க்ல யாருங்க மூடுனது?"

நான்தான்.
ஞாயிறு ராத்திரி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்,
போனில் பைனான்ஸ்காரர்.
ஒரு டிக் கூடக் கேட்டதாக ஞாபகமில்லை.
நான் பதில் சொல்லவில்லை, அவர் மறுபடி கேட்கவில்லை.
கோடை அழித்தார்.
"நாலு நாள் ஓட்டிப் பாருங்க. மறுக்கா எரிஞ்சா வாங்க."

சாயங்காலம் வர்ணிகா ஏறி உட்கார்ந்ததும்
முதலில் மீட்டரைப் பார்த்தாள்.
விளக்கு இல்லை.
பிறகு என்னைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல்,
அவ்வளவு பெருமையாக.
வெளியே ஆடிக்காற்றில்
காற்றாலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சுற்றின.

சாக்கெட்டின் வாயில் திபாகர் ஒட்டிய
கறுப்பு டேப்பைத் தடவினாள்.
"இதை ஏம்மா பூட்டிட்டாங்க?"

"நெறஞ்சிருச்சு கண்ணு" என்றேன்.
கியரைப் போடுவதற்கு முன்
இன்னொரு தரம் இறங்கிப்போய்
மூடியைத் திருகிவிட்டு வந்தேன்.